கத்துவது விசிறி, கோளாறு வேறிடம்



முன்பெல்லாம் கூட்டமைப்பு அலுவலகம் என்றால் தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேரேடு, ஒரு பீரோ, அவ்வளவுதான். இன்று இவற்றோடு ஒரு லேப்டாப்பும் சேர்ந்துவிட்டது. வீடுகளிலும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, பிளஸ் டூ படித்த பிள்ளைகள் மூலமாக நம் கிராமத்து வீடுகளுக்குள் அது வந்தது. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாலும் சில வீடுகளில் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பெட்டி ஒருநாள் திடீரென்று இரைய ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் நிற்காமல் முழு வேகத்தில் சுற்றும். அப்போது என்ன செய்வது? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான். எங்கள் அலுவலகத்தில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

ரைஸ் மில் சத்தம்

தணிக்கைக்கு இன்னும் பத்து நாள் இருந்த நேரம். அலுவலக லேப்டாப்பை ஆன் செய்தால் இரண்டாவது நிமிடமே ரைஸ் மில் ஓடுவது போலச் சத்தம். “ஏக்கா, இது எந்திரிச்சு பறந்துருமோ?” என்று கணக்கு எழுதும் தங்கச்சி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சத்தம் அன்று புதிதாக வந்ததல்ல. மூன்று நான்கு மாதமாகவே இருந்தது. காது பழகிப் போயிருந்தது.

மறுநாள் மதியம் கடன் தவணை வரவுகளைப் பதிந்துகொண்டிருக்கும்போது திரை பட்டென்று அணைந்தது. தொட்டுப் பார்த்தால் அடிப்பக்கம் தோசைக்கல் போலச் சுட்டது. ஆற வைத்து மறுபடி திறந்தோம். காலையிலிருந்து பதிந்த இரண்டு குழுக்களின் கணக்கைக் காணோம். கையால் எழுதிய பேரேடு இருந்ததால் பிழைத்தோம். இல்லாவிட்டால் எந்த உறுப்பினர் எவ்வளவு கட்டினார் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்க வேண்டும். “நான் கட்டிட்டேன்க்கா, நீங்கதான் எழுதலை” என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வது? குழு நிற்பதே நம்பிக்கையில்தான்.

டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். பார்த்தவர் திறக்கக்கூட இல்லை. “போர்டு போயிடுச்சு. 6,500 ரூபா ஆகும். இல்லேன்னா புதுசு வாங்கிக்கோங்க” என்றார். “எதனால தம்பி போச்சு?” என்று கேட்டதற்கு, “அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுக்கா” என்று முடித்துவிட்டார்.

செயற்குழுவில் விஷயத்தை வைத்தோம். 6,500 ரூபாய் என்பது உறுப்பினர்கள் கட்டும் சந்தாவிலிருந்து போக வேண்டிய பணம். அப்போது மாடு வளர்க்கும் ஓர் உறுப்பினர் கேட்டார்: “மாடு விடாம கத்துனா தண்ணி இருக்கா, தீனி இருக்கா, கயிறு எங்கேயாச்சும் சிக்கியிருக்கான்னு பாப்போம். எடுத்த எடுப்புல மாட்டையே மாத்துவோமா?”

நியாயமான கேள்வி. பெட்டியைத் திரும்ப வாங்கி, வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், எங்கள் கண் முன்னால் திறக்கச் சொன்னோம். காற்று வெளியேறும் வழியில் தூசி அடை போலப் படிந்திருந்தது. அதை எடுத்து, உள்ளே காய்ந்து போயிருந்த ஒரு பசையையும் மாற்றினார். 600 ரூபாய் வாங்கினார். சத்தம் நின்றது. பெட்டி இன்றும் ஓடுகிறது.

இதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்றுதான். ஃபேன் கத்துவது நோயல்ல. உள்ளே சூடு இருக்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது. ஏன் சூடு என்று கண்டுபிடித்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். கண்டுபிடிப்பதில் பாதி வேலையை நாமே செய்யலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

லேப்டாப்பின் மூளை ப்ராசஸர் என்ற ஒரு சின்ன சில்லு. எல்லாக் கணக்கையும் அதுதான் போடுகிறது. வேலை செய்யச் செய்ய அது சூடாகும். மாவு அரைக்கும்போது மிக்ஸி சூடாவது போலத்தான்.

அந்தச் சூட்டை வெளியேற்ற மூன்று பொருட்கள் இருக்கின்றன. ப்ராசஸரின் மேல் ஒரு செம்புத் தகடு. அதிலிருந்து கிளம்பும் ஒரு செம்புக் குழாய். குழாயின் முனையில் சீப்புப் பற்கள் போல நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள். ப்ராசஸரின் சூடு தகட்டில் ஏறி, குழாய் வழியே சீப்புக்கு வந்து சேரும். ஃபேன் அடிப்பக்கத்துத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, அந்தச் சீப்பின் ஊடாக ஊதி வெளியே தள்ளும். பஸ்ஸின் முன்னால் இருக்கும் ரேடியேட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

செம்புத் தகட்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே குழைத்த விபூதி போல ஒரு பசை தடவியிருப்பார்கள். தெர்மல் பேஸ்ட் என்று பெயர். இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, சூடு சீராக ஏறுவதற்கு அது உதவுகிறது. சில வருடங்களில் அது காய்ந்து போகலாம்.

உள்ளே சூட்டை அளக்கும் உணர்வானும் உண்டு. அது சொல்லும் அளவைப் பார்த்துத்தான் ஃபேன் மெதுவாகவோ வேகமாகவோ சுற்றும். பல ப்ராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸ் அருகே போனதும் தானாகவே வேலையின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். எங்கள் திரை பட்டென்று போனது இதனால்தான்.

ஆகவே சத்தத்தோடு லேப்டாப் மந்தமாகவும் இருந்தால், சூடு எல்லை தொடுகிறது என்று பொருள். அலட்சியம் கூடாது.

முதல் வேலை: கணக்கைக் காப்பாற்றுதல்

பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம். கணக்கு போனால் வாங்க முடியாது. அதனால் வேறு எதில் கை வைப்பதற்கும் முன்னால், குழுக் கணக்குகள், உறுப்பினர் பட்டியல், தீர்மானங்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். நகல் சரியாகத் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பாருங்கள். பிறகு அந்தப் பென் டிரைவை பீரோவில் பூட்டி வையுங்கள். அதில் உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது.

காதால் கேளுங்கள், கையால் பாருங்கள்

டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் நாடி பார்ப்பார். நாமும் அப்படித்தான் தொடங்க வேண்டும்.

முதலில் காதால் கேட்போம். ‘ஹூ...’ என்று சீரான காற்றுச் சத்தம் வந்தால் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. சூட்டை வெளியேற்றப் பாடுபடுகிறது. ‘கரகர’, ‘டிக் டிக்’ என்று உரசும் சத்தம் வந்தால் ஃபேனின் உள் அச்சு தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் ஏதோ சிக்கியிருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டியது.

அடுத்து கையால் பார்ப்போம். பக்கவாட்டிலோ பின்னால் திரை மடங்கும் இடத்திலோ காற்று வெளியேறும் வாய் இருக்கும். அங்கே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

1. காற்று வேகமாகவும் சூடாகவும் வருகிறது: வழி திறந்திருக்கிறது. ப்ராசஸருக்குத்தான் வேலை அதிகம். படி 2-ஐப் பாருங்கள்.

2. சத்தம் பெரிதாக இருக்கிறது, காற்றோ கொஞ்சமாக வருகிறது: வழி அடைத்திருக்கிறது. படி 1, படி 3 பாருங்கள்.

3. காற்று வேகமாக வருகிறது, ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறது: ப்ராசஸரின் சூடு சீப்புக்கே வந்து சேரவில்லை, அதாவது பசை காய்ந்திருக்கலாம். இல்லாவிட்டால் சூட்டை அளக்கும் உணர்வான் தப்பாகச் சொல்கிறது. படி 4, படி 5 பாருங்கள்.

படி 1: வைத்திருக்கும் இடம்

காசு செலவில்லாத வைத்தியம் இதுதான். பேர்தான் மடிக்கணினி. புடவை மடிப்பில் வைத்தால் அதற்கு மூச்சு முட்டும். காற்றை இழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. மெத்தை, தலையணை, போர்வை, மேசையில் விரித்த தடித்த துணி எல்லாமே அந்தத் துளைகளை அடைத்துவிடும். அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவர் போட்டபடியே சிலர் வேலை செய்கிறார்கள். அதுவும் கூடாது.

மரப்பலகை, மேசை போன்ற சமமான கெட்டியான இடத்தில் வையுங்கள். பின்பக்க இரண்டு மூலைகளுக்கும் கீழே பாட்டில் மூடி உயரத்துக்கு ஏதாவது ஒன்றை வைத்துத் தூக்கிவிட்டால் காற்று நன்றாகப் போகும். துளைகளை மட்டும் மறைக்கக் கூடாது. சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அறையின் சூடும் முக்கியம். பல லேப்டாப்கள் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் வேலை செய்யத்தான் வடிவமைக்கப்படுகின்றன. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு எவ்வளவு சூடு என்று நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் பெரிய பதிவு வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நமக்கும் நல்லது, பெட்டிக்கும் நல்லது.

இன்னொன்று. வேலை முடிந்ததும் மூடியை மட்டும் மடித்துப் பையில் போடாதீர்கள். ஷட் டவுன் கொடுத்து, விளக்கு அணைந்த பிறகு பையில் வையுங்கள். தூங்கும் நிலையில் இருக்கும் லேப்டாப் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டால், காற்று போக வழியில்லாமல் வெந்துவிடும்.

படி 2: பின்னால் யார் வேலை செய்கிறார்கள்?

நாம் ஒரு கணக்குத் தாளை மட்டும்தான் திறந்திருப்போம். ஆனால் பின்னால் பத்து வேலை நடந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கீ போர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பெட்டி திறக்கும். சிறியதாகத் திறந்தால் கீழே உள்ள ‘மோர் டீடெயில்ஸ்’ என்பதைத் தட்டுங்கள். ‘சிபியு’ என்ற தலைப்பின் மேல் தட்டினால், அதிகம் உழைக்கவைக்கும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். தலைப்பில் இருக்கும் சதவீதத்தையும் பாருங்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது அது குறைவாகத்தான் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே நெடுநேரம் 80, 90 என்று நின்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

பொதுவாகக் காணும் காரணங்கள் இவை:

இணைய உலாவி. ஒரே நேரத்தில் இருபது பக்கம் திறந்து வைத்தால், அதில் ஒன்றில் வீடியோவும் ஓடினால், ஃபேன் கத்தத்தான் செய்யும். வேண்டாத பக்கங்களை மூடுங்கள்.

விண்டோஸ் அப்டேட். இது நம் அலுவலகங்களில் அதிகம். மாதக் கூட்டத்தன்று மட்டும் திறக்கும் லேப்டாப்பில், ஒரு மாதத்து அப்டேட் எல்லாம் அன்றைக்கே வந்து இறங்கும். ஓரிரு மணி நேரம் சத்தம் போட்டுவிட்டு அடங்கும். இது கோளாறு அல்ல. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே திறந்து வைத்துவிட்டால் கூட்டத்தன்று தொல்லை இருக்காது.

இரண்டு வைரஸ் காப்பான்கள். ஒன்று இருந்தால் போதும். ஒரு வீட்டுக்கு இரண்டு மாமியார் இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேரும் சோதிப்பார்கள். ப்ராசஸர் பாவம்.

வைரஸ். எதுவுமே திறக்காத நேரத்திலும் பெயர் தெரியாத ஒரு புரோகிராம் ப்ராசஸரை விடாமல் பிடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். நம் மின்சாரத்தில், நம் பெட்டியில், வேறு யாருக்கோ வேலை செய்யும் வைரஸ்களும் உண்டு. யாரோ கொடுத்த பென் டிரைவ், இலவசம் என்று இறக்கிய திருட்டு சாஃப்ட்வேர் வழியாக வரும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஃபுல் ஸ்கேன்’ கொடுத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு செய்தி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அதற்கும் பழைய விண்டோஸ் 7-க்கு முன்பே நின்றுவிட்டது. அப்படிப்பட்ட பழைய பெட்டி இருந்தால் அதில் வங்கி வேலைகளைச் செய்யாமல் இருப்பது நல்லது.

டாஸ்க் மேனேஜரில் நமக்குத் தெரிந்த புரோகிராம் அதிகம் இழுத்தால், முதலில் வேலையைச் சேமித்துவிட்டு, அதைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுக்கலாம். பெயர் தெரியாததில் கை வைக்காதீர்கள். விண்டோஸ் இயங்கத் தேவையானதாக இருந்துவிடப் போகிறது.

படி 3: தூசி

நம் ஊர்களில் மிகச் சாதாரணமான காரணம் இதுவாகத்தான் இருக்கும். மண் தரை, விறகடுப்புச் சாம்பல், பஞ்சு, நெல் தூற்றும் தூசு எல்லாவற்றையும் அந்தச் சின்ன ஃபேன் உள்ளே இழுக்கிறது. சீப்புப் பற்களுக்கு இடையே அது அடைத்துக்கொள்கிறது. சல்லடை அடைத்தால் மாவு இறங்காது அல்லவா? அது போலத்தான்.

திறக்காமலே நாம் செய்யக்கூடிய சுத்தம் இது:

ஷட் டவுன் செய்யுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும்.

வெளித் துளைகளில் இருக்கும் தூசியை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பழைய டூத் பிரஷ் போதும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

பிறகு கேமரா துடைக்கப் பயன்படுத்தும் ரப்பர் ப்ளோயராலோ, கடையில் விற்கும் காற்று டப்பாவாலோ, விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதுங்கள். டப்பாவை நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் திரவம் வெளியே வரும்.

ஊதும்போது ஃபேன் காற்றாடி போலச் சுற்றக் கூடாது. அப்படி வேகமாகச் சுற்றினால் அதன் அச்சு கெடலாம். துளை வழியே ஃபேன் தெரிந்தால், தென்னை ஈர்க்கை மெதுவாக நுழைத்து இறக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். தெரியாவிட்டால் சின்னச் சின்னதாக ஊதினால் போதும். குத்திப் பார்க்க வேண்டாம்.

முடிந்ததும் ஆன் செய்து மறுபடி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று முன்பைவிட வேகமாக வந்தால் வேலை முடிந்தது. வரவில்லை என்றால் தூசி உள்ளே அடையாகப் படிந்திருக்கிறது. திறந்துதான் எடுக்க வேண்டும்.

படி 4: இரண்டு சின்ன மாற்றங்கள்

ஒன்று, மின் அமைப்பு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பவர் என்ற இடத்துக்குப் போனால், வேகமா சிக்கனமா என்று கேட்கும். ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்று இருந்தால் அதை மாற்றிச் சிக்கனத்தில் வையுங்கள். கணக்கு எழுத அதுவே தாராளம். வண்டியை எப்போதும் டாப் கியரில் முறுக்கிக்கொண்டே ஓட்ட வேண்டியதில்லை.

இரண்டு, தேங்கிய மின்சாரத்தை வடித்தல். ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு மாட்டி ஆன் செய்யுங்கள். ஃபேனைக் கட்டுப்படுத்தும் பகுதி குழம்பிப் போயிருந்தால் சில சமயம் இதிலேயே தெளிந்துவிடும்.

படி 5: மெக்கானிக்கிடம் போகும்போது

இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால், அல்லது உரசும் சத்தம் வந்தால், மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். போவதில் தவறில்லை. ஆனால் “சத்தம் வருது தம்பி” என்று மட்டும் சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள்: “சும்மா இருக்கும்போது சிபியு கம்மியாத்தான் காட்டுது. ஆனா ஃபேன் முழு வேகத்துல ஓடுது. காத்து சரியா வரலை. தூசியும் பேஸ்ட்டும் பாருங்க.” இப்படிச் சொன்னால் அவரும் நேராக அந்த இடத்துக்குப் போவார்.

கூடவே இதையும் கவனியுங்கள்:

1. முடிந்தவரை நம் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள்.

2. ‘போர்டு போச்சு’ என்றால், எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றிப் பார்த்த பிறகும் அதேதானா என்று கேளுங்கள். பெரிய தொகை என்றால் இன்னொரு இடத்திலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. ஃபேன் தேய்ந்திருந்தால் ஃபேனை மட்டும் மாற்றலாம். அதற்காக முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை.

4. விட்டுவிட்டு வர வேண்டியிருந்தால், கணக்குக் கோப்புகளை நகல் எடுத்துக்கொண்டு பெட்டியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

5. ரசீது வாங்குங்கள். எதை மாற்றினார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். செயற்குழுவில் வைக்க அது தேவை.

இவற்றைச் செய்யவே கூடாது

வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போகும்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள். வேகம் அதிகம், அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும்.

ஈரத் துணி, தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் துளைக்குள் போகக் கூடாது.

சத்தம் தாங்கவில்லை என்று ஃபேன் வயரைப் பிடுங்கவோ துளையில் பஞ்சு வைக்கவோ கூடாது. சத்தம் போடும் ஃபேனைவிட, பெட்டி கொதிக்கும்போதும் சத்தமே போடாத ஃபேன்தான் ஆபத்து.

அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, விரல் வைத்துத் தடவும் பலகை மேலே தூக்கியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரை எடுத்துவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. குழந்தைகள் தொடாத இடத்தில் வைத்து, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

படித்து மடித்து வைப்பதற்கு அல்ல இந்தப் பாடம். கூட்டத்தில் லேப்டாப்பை நடுவில் வைத்து, ஒவ்வொருவரும் கையால் தொட்டுச் செய்து பாருங்கள்.

1. காற்று உள்ளே போகும் துளை எது, வெளியே வரும் வாய் எது என்று கண்டுபிடியுங்கள்.

2. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, இந்த நேரத்தில் எது அதிகம் உழைக்கவைக்கிறது என்று பெயர் சொல்லுங்கள்.

3. கடைசியாகக் கணக்கை நகல் எடுத்த தேதி என்ன? யாருக்கும் தெரியவில்லை என்றால் அன்றைக்கே எடுத்து, தேதியைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

4. மாதம் ஒரு முறை துளைகளைத் துடைக்கும் பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். கணக்காளர் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்ட வேண்டாம்.

சகோதரிகளே, நாம் குழு தொடங்கிய நாளில் வங்கிப் படிவம் நிரப்பவே பயந்தவர்கள்தான். “உங்களுக்குப் புரியாதும்மா” என்று அன்றும் சொன்னார்கள். சீட்டு நிரப்பினோம், செக்கில் கையெழுத்துப் போட்டோம், தணிக்கைக்குப் பதில் சொன்னோம். இந்தப் பெட்டியும் அப்படித்தான். செய்து பார்த்துவிட்டு, என்ன காரணமாக இருந்தது என்று கூட்டமைப்புக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் அனுபவம் இன்னொரு குழுவின் பணத்தைக் காப்பாற்றும்.